பயந்துகொண்டே கொடுத்த ஆய்வேடு

திருத்தணி மலைக்குப் படிகள் 365. வருஷத்தில் நாளுக்கு ஒரு படி என்று ஊரில் கணக்குச் சொல்வார்கள். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி தூக்கிக்கொண்டு படியேறும் கூட்டத்தில் பாதிப்பேர் தமிழில் முருகனைக் கூப்பிட்டால், மீதிப்பேர் தெலுங்கில் சுப்பிரமணிய சுவாமியைக் கூப்பிடுவார்கள். 1880-களிலும் அப்படித்தான். அப்போது அது வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர். மலையடிவாரத்தில் வீராசாமி என்பவர் ஜமீனில் வருவாய்க் கணக்குப் பார்க்கும் சின்ன உத்தியோகத்தில் இருந்தார். முன்னோர் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த தெலுங்கு பிராமணக் குடும்பம். மனைவி சீதம்மா. வருமானம் குறைவு, வீட்டில் உருப்படிகள் அதிகம். பிள்ளைகளில் ஒருவன் படிப்பில் கெட்டிக்காரனாக இருந்தான். உள்ளூர்ப் பள்ளியில் படிக்கவேண்டியதைப் படித்து முடித்ததும், 1896-ல் அவனை வெளியூருக்கு அனுப்பினார்கள். முருகன் மலையின் நிழலில் வளர்ந்த அந்த ஆசாரக் குடும்பத்துப் பிள்ளை போய்ச் சேர்ந்த இடம், ஜெர்மானியப் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடம்.

அதுவும் எங்கே? ஏழுமலையான் வாசலிலேயே, திருப்பதியில். ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் என்ற சிற்றூரிலிருந்து புறப்பட்ட லுத்தரன் மிஷன், 1865 முதல் தெலுங்குச் சீமையில் வேலை செய்துகொண்டிருந்தது. கட்டணம் கட்டிப் படிக்க வசதியில்லாத நல்ல மாணவர்களுக்கு அந்தக் காலத்தில் மிஷன் பள்ளிகளே பெரிய வாசல். பையன் அங்கே நான்கு வருஷம் படித்தான். 1900-ல் வேலூர். அங்கே ஊரிஸ் கல்லூரி, அமெரிக்க ஆர்க்காடு மிஷனுடையது. அதை முடித்துச் சென்னைக்குப் போனபோது சேர்ந்தது கிறிஸ்தவக் கல்லூரி, ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. மூன்று ஊர், மூன்று நாட்டுப் பாதிரிமார், எல்லா இடத்திலும் உதவித்தொகையில் படிப்பு. வீட்டில் சந்தியாவந்தனம், வகுப்பில் பைபிள். இரண்டையும் அவன் ஒழுங்காகவே செய்தான். ஆனால் வகுப்பில் அடிக்கடி காதில் விழுந்த ஒரு பேச்சு மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

இந்து சமயத்தில் தத்துவம் உண்டு, அறம் இல்லை என்பதுதான் அந்தப் பேச்சு. உலகமே மாயை என்றால் அதில் நல்லது எது, கெட்டது எது? பசித்தவனுக்குச் சோறு போடுவதும் மாயை, போடாமல் விடுவதும் மாயை என்று ஆகிவிடாதா? கேட்டவர்கள் எல்லாருமே வெறுப்போடு கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிலருக்கு அது உண்மையான சந்தேகம். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்த பையனுக்கு வலித்தது. விவேகானந்தரின் எழுத்துகளைப் படித்து நிமிர்ந்திருந்த அவனுடைய பெருமிதம் மிஷன் வகுப்பறைகளில் அடிபட்டது. பல வருஷம் கழித்து அவரே இதை மறைக்காமல் எழுதினார். அந்த விமரிசனம்தான் தன் சமயத்தைத் தோண்டிப் படிக்கும்படி தன்னைத் துரத்தியது என்றும் எழுதினார். துரத்தியது சரி, தோண்டுவதற்குக் கருவி வேண்டுமே! அது வந்த விதம் தற்செயல்.

கல்லூரியில் எந்தப் பாடத்தை முதன்மையாக எடுப்பது என்று அவர் தடுமாறிக்கொண்டிருந்த சமயம், அதே கல்லூரியில் பட்டம் முடித்த உறவுக்காரர் ஒருவர் தன் பழைய புத்தகங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டவுட் எழுதிய உளவியல், வெல்ட்டன் எழுதிய தர்க்கம், மெக்கன்சி எழுதிய அறவியல். மூன்றும் தத்துவப் பாடத்துக்கு உரியவை. புதுப் புத்தகம் வாங்கப் பணமில்லாத மாணவருக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. தத்துவம் என்று எழுதிக் கொடுத்தார். உறவுக்காரர் கணக்குப் படித்தவராக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும். புத்தகம் இலவசமாகக் கிடைத்தது. அடுத்த தற்செயல் கப்பலேறி வந்திருந்தது.

ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் 1875-ல் எகிப்தில் பிறந்தவர். அப்பா அங்கே ஸ்காட்டிஷ் மிஷனரி. பிள்ளையும் அதே வழியில் போவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எடின்பரோவில் படித்தார், இறையியலும் தொடங்கினார். நடுவழியில் அவருடைய நம்பிக்கையே ஆட்டம் கண்டது. நம்பாததை நம்புவதாகச் சொல்லிக் குருப்பட்டம் வாங்க அவர் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. படிப்பை விட்டார். நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் திரும்பி வந்தது, அதுவும் பழைய வடிவத்தில் அல்ல. 1903-ல், குருப்பட்டம் இல்லாத வெறும் ஆசிரியராக, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். அப்போது வயது இருபத்தெட்டு. சொந்தச் சமயத்தையே ஒருமுறை இழந்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு மீட்டுக்கொண்ட ஒருவர் அடுத்தவர் சமயத்தைப் பற்றி வகுப்பெடுக்க வந்தால் எப்படி இருக்கும்? கல்லூரிக்கு அது போகப் போகத்தான் தெரிந்தது.

அவர் வந்து சேர்ந்த கல்லூரியும் கொஞ்சம் வித்தியாசமானது. அன்று அது ஜார்ஜ் டவுனில் உயர் நீதிமன்றத்தை ஒட்டிய எஸ்பிளனேடில் இருந்தது. முதல்வர் வில்லியம் மில்லர், இங்கே படிக்க வருகிறவர்களை மதம் மாற்றுவதே குறி என்று ஒருநாளும் நினைக்கவில்லை. நல்ல கல்வி கொடுத்தால் அதன் சாரம் தானாகச் சமூகத்தில் கலக்கும் என்பது அவர் எண்ணம். ஞானஸ்நானக் கணக்கு எங்கே என்று சொந்த நாட்டில் கேட்டவர்களுக்கு அவர் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் ஹாக் முதலில் செய்த காரியம், தனக்குத் தெரியாததைப் படிக்க உட்கார்ந்தது. கர்மக் கொள்கையை எடுத்துக்கொண்டார். இந்துப் பண்டிதர்களோடு கல்லூரி இதழில் வாதாடினார். அந்தக் கட்டுரைகள் 1909-ல் ‘கர்மாவும் மீட்பும்’ என்ற பொருள்படும் ஆங்கில நூலாக வந்தன. கர்மம் என்பது வினைக்கு ஏற்ற விளைவைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிற நீதி, அது முழுமையான அறம் ஆகாது என்பது அவருடைய தீர்ப்பு. ஆக, அவரும் எதிர்க்கட்சிதான். ஆனால் எதிராளியின் கட்சியை எதிராளியே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் மறுப்பார். தன் சமயத்தின் உச்சத்தை அடுத்தவர் சமயத்தின் பள்ளத்தோடு ஒப்பிடும் மலிவான வேலையை அவர் செய்யவில்லை.

கடல் கடந்து சேவைக்கு வந்தவர்களில் இந்தக் குணம் எல்லாருக்கும் வாய்த்ததில்லை. வாய்த்தவர்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவர்களும் இல்லை. 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்குவுக்கு வயது இருபத்துநான்கு. போதிக்க வந்தவர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’ எழுதக் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதி 1713-ல் ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே இருந்த மேலவர்கள், புறச்சமயத்தை ஒழிக்கத்தான் அனுப்பினோம், அதை இங்கே பரப்ப அல்ல என்று மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அது அச்சேறியது 1867-ல். கற்றுக்கொள்கிற மிஷனரிக்கு அனுப்பி வைத்தவர்களிடமிருந்தே வந்த சோதனை இது. இன்று கல்லூரி முடித்த கையோடு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று கிறிஸ்தவச் சேவைப் பயிற்சிக்காக வெளிநாடு போகிற இளைஞர்கள் உண்டு. போகிற ஊரில் முதல் சில மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள் என்று அவர்களுக்குச் சொல்கிற அமைப்புகளை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாத்தியாரால் என்ன நடந்தது என்பதற்கு 1908 சாட்சி.

அந்த வருஷம் திருத்தணி மாணவர் எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வேடு எழுதவேண்டியிருந்தது. அவர் எடுத்த தலைப்பு வேதாந்தத்தின் அறமும் அதற்கு அடிப்படையான தத்துவமும். தலைப்பைப் பார்த்தாலே யாருக்குச் சொல்லும் பதில் என்று தெரிந்துவிடும். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்று பன்னிரண்டு வருஷமாக மூன்று ஊர் வகுப்பறைகளில் கேட்டதற்கெல்லாம் சேர்த்து வைத்துக் கொடுத்த பதில் அது. கைக்கொண்ட கருவிகளோ அவர்களே சொல்லிக்கொடுத்த மேற்கத்தியத் தர்க்கமும் அறவியலும். எழுதும்போது வேகம் இருந்தது. கொடுத்த பிறகு பயம் வந்தது. தாளைத் திருத்தப்போகிறவர் ஹாக். தன் பேராசிரியர் மேடை போட்டு வாதாடும் கருத்துக்கே எதிராக ஒரு மாணவன், அதுவும் உதவித்தொகையில் படிக்கிறவன், மறுப்பு எழுதியிருக்கிறான். அவர் மனம் புண்பட்டால் மதிப்பெண் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வேலைக்குப் போக வேண்டிய நற்சான்றும் போய்விடும்.

ஹாக் படித்தார். தான் ஒப்புக்கொள்ளாத முடிவுகள் பக்கத்துக்குப் பக்கம் இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி, இந்த மாணவன் என்னோடு ஒத்துப்போகிறானா என்பது அல்ல. பிரச்சினையின் மையத்தை இந்த மாணவர் அபாரமாகப் புரிந்துகொண்டிருக்கிறார், சிக்கலான வாதத்தைச் சிரமமில்லாமல் கையாளுகிறார், ஆங்கிலமும் சராசரிக்கு மேல் என்ற பொருளில் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். மாணவரே எதிர்பாராத பாராட்டு. அந்த ஆய்வேடு அதே 1908-ல் சென்னையில் புத்தகமாக அச்சாகி வந்தது. அட்டையில் முதல்முறையாக அந்தப் பெயர் அச்சில் ஏறியது: எஸ். ராதாகிருஷ்ணன். வயது இருபது.

இரண்டு வருஷம் கழித்து, 1910-ல், எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. மற்றச் சமயத்தாரை எப்படி அணுகுவது என்று உலகெங்கும் இருந்த மிஷனரிகளிடம் எழுதிக் கேட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து ஹாக் அனுப்பிய நீண்ட பதில் அங்கே கவனிக்கப்பட்டது. அந்த மாநாட்டிலேயே, அதே கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த திருநெல்வேலிச் சீமைக்காரர் வி.எஸ். அசரியா எழுந்து பேசினார். எங்களுக்காக உடைமையைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், அவற்றோடு நட்பையும் கொடுங்கள் என்று அவர் விடுத்த வேண்டுகோள் மண்டபத்தை உலுக்கியது. உயரத்தில் நின்று இரங்குகிறவர் வேண்டாம், சமமாக உட்காருகிறவர் வேண்டும் என்பதே அதன் சாரம். எடின்பரோவில் இது விவாதமாக ஓடிக்கொண்டிருந்தபோது, சென்னையில் அந்தச் சமத்துவத்தை ஒரு சான்றிதழ் வடிவில் பெற்றுக்கொண்ட மாணவர் வேலை தேடி அலைந்து முடித்திருந்தார்.

அவர் ஆசைப்பட்டது ஆக்ஸ்ஃபோர்டில் மேற்படிப்பு. பணம் இல்லை. 1909-ல் மாநிலக் கல்லூரியில் தத்துவத் துறையில் கீழ்நிலை ஆசிரியர் வேலை கிடைத்தது. போனால் போகட்டும் என்று ஒப்புக்கொண்ட வேலை. வேலையில் நிலைக்க ஆசிரியர் பயிற்சி வேண்டும் என்றார்கள். 1910-ல் சைதாப்பேட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மாணவராக உட்கார்ந்தார். தத்துவத்தில் அவருக்கு இருந்த பிடிப்பைக் கண்டு, சக மாணவர்களுக்கு அவரையே பாடம் எடுக்கச் சொன்னார்கள். அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு மாணவராகப் போயிருந்தால் எந்த நீதிமன்றத்திலோ, எந்த அரசுப் பதவியிலோ போய் நின்றிருப்பார் என்று யார் கண்டது? காசில்லாத குறை அவரைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்திவைத்தது.

அதற்குப் பிறகு வேகம். 1918-ல் மைசூர் மகாராஜா கல்லூரி. மூன்று வருஷத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அழைத்தது. மைசூரை விட்டுக் கிளம்பிய நாளில் மாணவர்கள் அவரைப் பூவால் அலங்கரித்த வண்டியில் ஏற்றி, குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துப் போனார்கள். ஒரு வாத்தியாருக்கு இப்படி ஒரு வழியனுப்புதலா என்று ஊரே வேடிக்கை பார்த்தது. 1926-ல் ஆக்ஸ்ஃபோர்டு. பணமில்லாமல் மாணவராகப் போக முடியாத ஊருக்குச் சொற்பொழிவாளராகப் போனார். மான்செஸ்டர் கல்லூரியில் இந்து வாழ்க்கை நோக்கைப் பற்றிப் பேசினார். அது கிறிஸ்தவப் போதகர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி. 1929-ல் மறுபடி போனபோது ஒப்பீட்டுச் சமயம் கற்பித்ததோடு, அதே கல்லூரித் தேவாலயத்தில் பிரசங்கமும் செய்தார். திருத்தணியிலிருந்து திருப்பதி மிஷன் பள்ளிக்குப் போன சிறுவன் கேட்டுக்கொண்டிருந்தான். ஆக்ஸ்ஃபோர்டில் கேட்டுக்கொண்டிருந்தது அவர்கள் முறை. 1936-ல் அந்தப் பல்கலைக்கழகம் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்குமான ஸ்பால்டிங் பேராசிரியர் இருக்கையையே அவருக்குக் கொடுத்தது. எந்த அறம் இல்லை என்று சொன்னார்களோ, அந்த அறவியலுக்கு!

குருவும் சும்மா இருக்கவில்லை. ஹாக் 1928-ல் கல்லூரியின் முதல்வரானார். 1937-ல் கல்லூரி தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மறுவருஷக் கடைசியில் அங்கேயே உலக மிஷனரி மாநாடு கூடியது. மற்றச் சமயங்களுக்கும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டுக்கும் நடுவே தொடர்ச்சியே கிடையாது என்று டச்சு அறிஞர் ஹெண்ட்ரிக் கிரேமர் பெரிய நூல் எழுதி, அதுவே மாநாட்டின் பேசுபொருளாக இருந்தது. முப்பத்தைந்து வருஷம் சென்னை மாணவர்களோடு பழகிய ஹாக் அதை ஏற்கவில்லை. கொள்கைகளின் தொகுப்பு வேறு, ஒரு மனிதன் கடவுள்மேல் வைக்கும் பற்று வேறு, அந்தப் பற்று கிறிஸ்தவர் அல்லாதவரிடமும் உயிரோடு இருக்கிறது என்று வாதாடினார். கடைசிவரை அவர் உறுதியான கிறிஸ்தவர். தன் சமயத்தைச் சொல்லத்தான் வந்தார், சொல்லிக்கொண்டும் இருந்தார். ஆனால் தாம்பரத்தில் அவர் பேசியது எடின்பரோவில் கற்ற பாடம் அல்ல. அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எஸ்பிளனேடு வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த இந்து மாணவர்கள் என்றே நான் நினைக்கிறேன். 1954-ல் ஹாக் காலமானார். அதே வருஷம் அவருடைய மாணவருக்குப் பாரத ரத்னா கிடைத்தது.

மாணவர் அதற்குள் துணைக் குடியரசுத் தலைவர். அவர் அந்தப் பதவியில் இருந்தபோதே, 1960 ஏப்ரல் 1-ம் தேதி, நீண்ட எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 1962 மே 13-ம் தேதி அவர் குடியரசுத் தலைவரானார். ஒரு தத்துவ வாத்தியார் ராஷ்டிரபதி பவனில்! பழைய மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் கால் தரையில் பாவவில்லை. பிறந்த நாள் வருகிறது, தடபுடலாகக் கொண்டாட அனுமதி வேண்டும் என்று போய் நின்றார்கள்.

அவர் யோசித்தார். எனக்கென்று கொண்டாடுவதற்குப் பதிலாக அந்த நாளை நாட்டின் ஆசிரியர்களுக்கு உரியதாக்கினால் பெருமைப்படுவேன் என்றார். 1962 செப்டம்பர் 5-ம் தேதி இந்தியா முதல் ஆசிரியர் தினத்தைக் கொண்டாடியது. கேட்டது பிறந்தநாள் விழா, கிடைத்தது வாத்தியார்கள் எல்லாருக்குமான நாள். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு ஒருநாள் ஆசிரியராகும் அந்தச் செப்டம்பர் ஐந்து இப்படித்தான் பிறந்தது.

தேதியிலும் ஒரு வேடிக்கை உண்டு. பதிவேடுகளில் இருப்பது 1888 செப்டம்பர் 5. ஆனால் தான் உண்மையில் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே ராதாகிருஷ்ணன் எண்ணியிருந்தார் என்று, வரலாற்றாசிரியரான அவருடைய மகன் எஸ். கோபால் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அது சரியென்றால், நாடு முழுக்க வாழ்த்து அட்டை எழுதுவது பதினைந்து நாள் முன்கூட்டியே.

எதுவானாலும் தேதி நிலைத்துவிட்டது. ஆசிரியர் நலனுக்கான தேசிய நிதியமும் அதே 1962-ல் தொடங்கியது. 1958-ல் ஏற்பட்ட தேசிய நல்லாசிரியர் விருதும் இந்த நாளோடு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டு அரசு தன் நல்லாசிரியர் விருதுக்கே டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரை வைத்து ஒவ்வொரு செப்டம்பர் ஐந்திலும் கொடுக்கிறது. யுனெஸ்கோ உலக ஆசிரியர் தினத்தை அக்டோபர் 5-க்கு அறிவித்தது 1994-ல். இந்தியா தன் தேதியை அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை.